பெல்லாரி முதல் நெல்லூர் வரை: எழுத்தறிவுக் கல்வியில் பொருளுணர்வின் இடம்

1. முன்னுரை

எழுத்தறிவு என்னும் சொல் இரு வேறு திறன்களைத் தன்னுள் அடக்கியது. எழுத்துகளை இனங்கண்டு அவற்றைக் கூட்டி ஒலித்தல் ஒன்று. ஒலித்ததன் பொருளை உணர்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே நிகழும்போதுதான் படித்தல் முழுமை பெறுகிறது என்பதில் கல்வியாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. எனினும், எழுத்தறிவு பெற்றவர் யார் எனக் கணக்கிட முற்பட்ட அரசுகளும் எழுத்தறிவூட்ட முற்பட்ட இயக்கங்களும் முதல் திறனையே எளிதில் அளந்தன. இரண்டாவது திறன் வரையறைகளில் இடம்பெற்றது; அளவையில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. இந்த இடைவெளி எவ்வாறு தோன்றியது, எங்கு குறைந்தது, எங்கு மீண்டும் விரிந்தது என்பதைக் கடந்த இரு நூற்றாண்டு இந்திய வரலாற்றின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. 1823இல் பெல்லாரி மாவட்டப் பள்ளிகளைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கையும், 1992இல் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு வகுப்புகளை ஒட்டி எழுந்த இயக்கமும் இவ்வாராய்ச்சிக்கு இரு எல்லைகளாக அமைகின்றன.

2. பெல்லாரி, 1823

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு சூன் மாதத்தில் மாகாணத்தின் உள்நாட்டுக் கல்வி நிலையை அறிய ஆணையிட்டார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். இவ்வெண்கள் பின்னர்ப் பலராலும் எடுத்தாளப்பட்டன. பள்ளிகள் எத்தனை என்பது பற்றியே வழக்காடல்கள் நிகழ்ந்தன. அப்பள்ளிகளில் மாணவர் எதைப் புரிந்துகொண்டனர் என்னும் வினா அத்துணைக் கவனம் பெறவில்லை.

அவ்வினாவை எழுப்பியவர் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ. டி. காம்ப்பெல். 1823 ஆகஸ்டில் அவர் அனுப்பிய அறிக்கை, ஏனையோர் அனுப்பியவை போல வெறும் பட்டியலாக அமையவில்லை. மாவட்டத்தில் 533 பள்ளிகளும் 6,641 மாணவர்களும் இருப்பதாகக் கூறும் அவ்வறிக்கை, அவற்றுள் 235 கன்னடப் பள்ளிகள், 226 தெலுங்குப் பள்ளிகள், 4 தமிழ்ப் பள்ளிகள் என மொழிவாரியாகவும் பிரித்துரைக்கிறது. மாணவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும், முன்னேறிய மாணவர் பின்தங்கியோர்க்குக் கற்பிப்பதையும் காம்ப்பெல் விவரிக்கிறார். குறைந்த செலவில் எழுதக் கற்பிக்கும் இம்முறையை அவர் பாராட்டவும் செய்கிறார்.

ஆனால் அவர் கண்ட குறை அடிப்படையானது. மாணவர் மனப்பாடம் செய்யும் நூல்கள் செய்யுளில் அமைந்தவை. அச்செய்யுளின் மொழி, மக்கள் பேசும் மொழியினின்றும் உரைநடையினின்றும் மிகவும் வேறுபட்டது. எழுத்துகள் ஒன்றாயிருப்பதால் மாணவன் சொற்களை ஒலிக்கிறான், பொருளை அறியான். ஆசிரியருள்ளும் விளக்க வல்லவர் சிலரே என்கிறார் அவர். அன்றாட வாழ்வின் நடைமுறைக்குப் போதுமான எழுத்தும் வாசிப்பும் நினைவாற்றற் பயிற்சியுமே அம்மாணவர் பெறும் பயன் என்பது அவர் முடிவு.

இம்முடிவை முழுவதும் ஏற்பதற்கில்லை. முதலில் மூலத்தை நெட்டுருச் செய்து, பின்னர் ஆசிரியரிடம் பொருள் கேட்டல் என்பது தென்னிந்தியக் கல்வி மரபின் ஒழுங்கு. தமிழில் ‘பாடங்கேட்டல்’ என்னும் சொல்லாட்சியே இதற்குச் சான்று. நெட்டுரு அம்மரபில் முடிவன்று, தொடக்கம். உ. வே. சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ இவ்வொழுங்கின் இரு படிகளையும் விரிவாகக் காட்டுகிறது. ஆயினும் இரண்டாம் படியை எட்டியவர் சிலரே. இரண்டு மூன்று ஆண்டுகளில் பள்ளியை விட்டு நீங்கிய உழவர், கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒலி மட்டுமே எஞ்சியது. பொருள் வந்து சேரவில்லை. பொருளைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கும் கல்வி, அந்நாள் வரை காத்திருக்க இயலாதவர்க்குப் பயன்படவில்லை என்ற அளவில் காம்ப்பெல்லின் கருத்து ஏற்கத்தக்கதே.

3. பாடநூல் மொழியும் பேச்சு மொழியும்

காம்ப்பெல் சுட்டிய மொழி இடைவெளி, அச்சுப் பாடநூல்கள் வந்த பின்னரும் மறையவில்லை. செய்யுளின் இடத்தை உரைநடை பெற்றது. ஆனால் அவ்வுரைநடையும் பழைய இலக்கணத்தின் வழிப்பட்ட செந்நடையாகவே தெலுங்கில் நிலைபெற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடமாவட்டங்களின் பள்ளி ஆய்வாளராக இருந்த ஜே. ஏ. ஏட்ஸ், தெலுங்கு கற்றபோது தாம் பாடநூலில் காணும் மொழிக்கும் மக்கள் பேசும் மொழிக்கும் இடையே இத்துணை வேறுபாடு ஏன் என வினவினார். கிடுகு ராமமூர்த்தி, குரசாட அப்பாராவ், பி. டி. சீனிவாச ஐயங்கார் ஆகியோர் இவ்வினாவைக் கல்விச் சீர்திருத்தமாக வளர்த்தெடுத்தனர். 1911இல் தோன்றிய ஆந்திர சாகித்திய பரிசத்து இதனை எதிர்த்தது. பள்ளியிறுதித் தேர்வில் எந்நடையில் கட்டுரை எழுதலாம் என்பது அரசளவில் ஆராயப்பட்டு, 1914இல் அப்பாராவ் தம் மாறுபட்ட கருத்தைத் தனிக் குறிப்பாக அளித்தார். அன்று வெற்றி பழைய நடைக்கே கிட்டியது. எனினும் அடுத்த சில பத்தாண்டுகளில் நாளிதழ், கதை, கட்டுரை ஆகியவற்றில் வழக்குநடை இடம்பெற்று, இறுதியில் பாடநூல்களுக்கும் வந்து சேர்ந்தது.

இப்போராட்டம் பெரும்பாலும் இலக்கிய நடை பற்றியதாகவே எழுதப்பட்டுள்ளது. எழுத்தறிவின் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. படிக்கக் கற்கும் ஒருவர், எழுத்தைக் கடந்தவுடன் தமக்குத் தெரிந்த மொழியைச் சந்திக்கிறாரா, மீண்டும் கற்கவேண்டிய மற்றொரு மொழியைச் சந்திக்கிறாரா என்பதே கிடுகு எழுப்பிய வினாவின் கல்வியியல் உள்ளடக்கம்.

இவ்வினாவுக்கு மொழியியல் வடிவம் தந்தது, 1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் ஆகிய இருவரும் முன்வைத்த ‘படித்தல் பற்றிய எளிய கருத்து’ ஆகும். படித்துப் பொருளுணர்தல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறன், அம்மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கற்பலன் என அவர்கள் கொண்டனர். கூட்டற்பலன் எனக் கொள்ளாமை நோக்கத்தக்கது. இரண்டில் ஒன்று சுழியாயின் விளைவும் சுழியே. பெல்லாரி மாணவனிடம் முதல் திறன் மிகுதி. செய்யுள் மொழியைப் பொறுத்தவரை இரண்டாவது திறன் இல்லை. எழுதப்படிக்கத் தெரியாத முதியவரிடமோ தம் பேச்சு மொழியில் இரண்டாவது திறன் நிறைந்துள்ளது. முதல் திறன் இல்லை. இருவரையும் ஒரே முறையால் கற்பித்தல் இயலாது என்பது இதனால் தெளிவாகிறது.

4. கணக்கெடுப்பின் அளவுகோல்கள்

1881, 1891 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் மக்களைக் கற்போர், எழுத்தறிந்தோர், எழுத்தறியாதோர் என மூவகையாகப் பகுத்தன. ‘கற்போர்’ என்னும் வகை குழப்பத்திற்கு இடந்தந்ததால் 1901இல் அது நீக்கப்பட்டது. அவ்வாண்டு எழுத்தறிவு விழுக்காடு 5.35. எவரை எழுத்தறிந்தவராகக் கொள்வது என்பதற்கு அனைத்து மாகாணங்களுக்கும் பொதுவான அளவுகோல் 1911இல் வகுக்கப்பட்டது. நண்பருக்கு ஒரு கடிதம் எழுதவும் அதற்கு வரும் மறுமொழியைப் படிக்கவும் வல்லவரே எழுத்தறிந்தவர் என்பது அவ்வளவுகோல்.

இதில் ‘பொருளுணர்தல்’ என்னும் சொல் இல்லை. ஆயினும் பொருளுணர்வின் இயல்பை இவ்வளவுகோல் நன்கு பற்றியுள்ளது. மறுமொழி என்பது படிப்பவர் முன்பு காணாதது. அதனை மனப்பாடம் செய்து வைத்திருக்க இயலாது. மற்றொருவர் தம்மை நோக்கிச் சொல்லிய செய்தி அதில் உள்ளது. அதனைப் புரிந்துகொண்டால்தான் அடுத்த கடிதம் எழுத முடியும். பாடநூலின் பழகிய பக்கத்தை ஒலிப்பதற்கும் புதிய கடிதத்தைப் படிப்பதற்கும் உள்ள வேறுபாடே எழுத்துக் கூட்டலுக்கும் பொருளுணர்வுக்கும் உள்ள வேறுபாடு.

1958இல் யுனெஸ்கோ, தம் அன்றாட வாழ்க்கை பற்றிய எளிய சிறு கூற்றொன்றைப் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லவரை எழுத்தறிந்தவர் என வரையறுத்தது. 1961ஆம் ஆண்டின் இந்தியக் கணக்கெடுப்பு, ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து எழுதவும் படிக்கவும் தெரிந்தவர் என்னும் வரையறையைக் கொண்டது. பின்வந்த கணக்கெடுப்புகளிலும் இதுவே தொடர்ந்தது. 1991 முதல் ஏழு வயதிற்கு மேற்பட்டோரே கணக்கிற்கு உரியவராயினர். அவ்வாண்டு 52.21 ஆக இருந்த விழுக்காடு, 2011இல் ஏறத்தாழ 73 ஆக உயர்ந்தது.

இவ்வாறு ‘பொருளுணர்ந்து’ என்னும் அடைமொழி சட்டம்போல் நிலைபெற்றது. ஆனால் கணக்கெடுப்பாளர் வீடுதோறும் சென்று எவரையும் படிக்கச் செய்து பார்ப்பதில்லை. குடும்பத்தார் கூறும் விடையே பதிவாகிறது. கோடிக்கணக்கானோரைச் சில நாட்களில் கணக்கிடும் பணியில் வேறு வழியில்லை என்பது உண்மை. எனவே இங்குக் குறை கணக்கெடுப்பினதன்று. பொருளுணர்வை அளந்ததாக அவ்வெண்ணைப் பிறர் எடுத்தாளுவதே குறை.

5. பயன்பாட்டு எழுத்தறிவு

1965இல் தெகரானில் கூடிய உலகக் கல்வி அமைச்சர் மாநாட்டிற்குப் பின், எழுத்தறிவைத் தொழில் வளர்ச்சியோடு இணைக்கும் கருத்து வலுப்பெற்றது. யுனெஸ்கோவின் சோதனை முறை உலக எழுத்தறிவுத் திட்டம் 1967 முதல் 1973 வரை இந்தியா உட்படப் பதினொரு நாடுகளில் நடைபெற்றது. வீரிய விதைகள் பரவிய அக்காலத்தில், இந்தியாவில் உழவர்க்கான பயன்பாட்டு எழுத்தறிவுத் திட்டம் தொடங்கப்பட்டது. விதை, உரம், பூச்சிமருந்து பற்றிய செய்திகளே பாடங்களாயின.

பொருளுணர்தல் இங்கு ஒரு நோக்கத்தைப் பெற்றது: அறிவுரையைப் படித்து அதன்படி செய்தல். எனினும் அந்நோக்கம் ஒருவழிப்பட்டது. எழுதுபவர் அறிந்தவர், படிப்பவர் பின்பற்றுபவர். உரத்தின் அளவைப் படித்தறியும் உழவர், அவ்வுரத்தின் விலை ஏன் உயர்ந்தது என்பதையும் படித்தறிய விரும்பலாம் என்பதற்கு அப்பாடங்கள் இடமளிக்கவில்லை. பிரேசில் நாட்டில் 1963இல் அங்கிக்கோசு ஊரில் தொழிலாளரிடையே பாவுலோ ஃபிரெய்ரே நடத்திய வகுப்புகள் இதற்கு மாற்றாக அமைந்தன. கற்போர் வாழ்வில் பொருள் நிறைந்த சொற்களைத் தேர்ந்து, அவை குறிக்கும் நிலைமையைப் பற்றி முதலில் உரையாடி, அதன் பின்னரே அச்சொற்களின் எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அவர் முறை. இதில் பொருள் முன்னும் எழுத்து பின்னும் வருகின்றன. 1975இல் பெர்செபோலிசில் கூடிய மாநாட்டின் அறிக்கையும், 1978 அக்டோபர் 2இல் இந்தியாவில் தொடங்கிய தேசிய முதியோர் கல்வித் திட்டமும் இக்கருத்தின் சாயலைக் கொண்டவை. எழுத்தறிவு, செயல்திறன், விழிப்புணர்வு ஆகிய மூன்றும் அத்திட்டத்தின் கூறுகளாயின.

6. அளவிடத்தக்க எழுத்தறிவு

1988 மே 5இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. 15 முதல் 35 வயது வரையுள்ள எட்டுக் கோடிப் பேருக்கு 1995க்குள் எழுத்தறிவூட்டுவது அதன் இலக்கு. முந்தைய திட்டங்களின் விளைவு அளவிடத்தக்கதாக இல்லை என்னும் குறையைப் போக்க, இவ்வியக்கம் தெளிவான தரங்களை வகுத்தது. எளிய பகுதியை நிமிடத்திற்கு 30 சொற்கள் வீதம் வாய்விட்டுப் படித்தல், 35 சொற்கள் வீதம் மௌனமாகப் படித்தல், 7 சொற்கள் வீதம் பார்த்து எழுதுதல், 5 சொற்கள் வீதம் சொல்வதை எழுதுதல் என்பன அவற்றுட் சில. சாலைக் குறிகள், சுவரொட்டிகள், எளிய அறிவுரைகள், புதிதாகப் படிக்கக் கற்றோர்க்கான செய்தித்தாள்கள் ஆகியவற்றைப் பொருளுணர்ந்து படித்தலும் அத்தரங்களுள் ஒன்று. மூன்று படிநிலைகளாக அமைந்த பாடநூல்களின் உள்ளேயே தேர்வுகளும் சேர்க்கப்பட்டன.

இத்தரங்களின் அமைப்பு உற்றுநோக்கத்தக்கது. ஒலித்தலுக்கும் எழுதுதலுக்கும் எண்கள் தரப்பட்டுள்ளன. பொருளுணர்தலுக்கு எண் இல்லை. பொருளுணர்வை எண்ணால் அளத்தல் அரிது என்பதே இதற்குக் காரணம் எனலாம். ஆனால் மாவட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முழு எழுத்தறிவை அறிவிக்க விரைந்த சூழலில், எண் உள்ளவை முன்னின்றன. எண் இல்லாதது பின்தங்கியது. 1989இல் தொடங்கிய எர்ணாகுளம் மாவட்ட இயக்கம் 1990 பிப்ரவரியில் தன் வெற்றியை அறிவித்தது. 1991 ஏப்ரலில் கேரள மாநிலம் முழுவதும் அந்நிலையை எட்டியதாக அறிவிக்கப்பட்டது. பிற மாநிலங்கள் இம்முறையைப் பின்பற்றின. இயக்கங்களை மதிப்பிட அமைக்கப்பட்ட அருண் கோஷ் தலைமையிலான வல்லுநர் குழு, 1994ஆம் ஆண்டு அறிக்கையில், புதிதாகப் பெற்ற எழுத்தறிவு நிலையற்றது என்பதையும் தொடர்கல்வியின் இன்றியமையாமையையும் எடுத்துரைத்தது.

தமிழகத்தில் 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கம் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. அங்கு எழுத்துடன் மிதிவண்டி ஓட்டும் பயிற்சியும் பெண்களிடையே பரவியது. எழுத்தறிவு எதற்கு என்னும் வினாவுக்கு அப்பெண்கள் தாமே கண்ட விடை அது: பிறரை எதிர்பாராது ஓரிடம் செல்லுதல், பிறரை எதிர்பாராது ஒன்றைப் படித்தறிதல்.

7. நெல்லூர், 1992

ஆந்திரப் பிரதேசத்தின் நெல்லூர் மாவட்டத்திலும் 1991இல் எழுத்தறிவு இயக்கம் தொடங்கிற்று. அங்குப் பயன்பட்ட பாடநூல்களில், குடிப்பழக்கத்தால் சிதைந்த குடும்பம் ஒன்றின் நிலையைக் கூறும் ‘சீதம்மா கதை’ என்னும் பாடம் இருந்தது. வகுப்புகளில் அப்பாடம் உரையாடலைத் தூண்டியது. தூபகுண்டா என்னும் சிற்றூரின் பெண்கள் தம் ஊர்ச் சாராயக் கடையை மூடச் செய்தனர். அவர்களுடைய செயல், பெண்கள் ஒன்றுபட்டால் என்ன நிகழும் என்பதைக் கூறும் மற்றொரு பாடமாகத் தொடர்கல்வி நூலில் சேர்க்கப்பட்டு, பிற ஊர்களிலும் படிக்கப்பட்டது. 1992இல் சாராய ஏலங்களைப் பெண்கள் தடுத்து நிறுத்தினர். 1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலும், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதிலும் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது.

ஒரு பாடமே இவ்வியக்கத்தைத் தோற்றுவித்தது எனல் மிகை. கூலியெல்லாம் சாராயத்தில் கரைந்த நிலைமையும், அரசே சாராயத்தை ஊர்தோறும் கிடைக்கச் செய்த முறையும், பெண்கள் அமைப்புகளும் அரசியல் அமைப்புகளும் ஆற்றிய பணியும் காரணங்களாகும். எனினும் படித்தல் பற்றிய ஆராய்ச்சிக்கு இந்நிகழ்ச்சி மூன்று செய்திகளைத் தருகிறது.

முதலாவது, பாடத்தின் மொழி கற்போருக்கு அண்மையில் இருந்தது. கிடுகு தொடங்கிய போராட்டம் இல்லாதிருந்தால், நெல்லூர்ப் பெண்கள் எழுத்தைக் கடந்தவுடன் பெல்லாரி மாணவர் சந்தித்த அதே சுவரைச் சந்தித்திருக்கக்கூடும். இரண்டாவது, பொருளுணர்தல் தனியொருவர் மனத்தில் மட்டும் நிகழவில்லை. ஒருவர் தட்டுத்தடுமாறிப் படிக்க, மற்றவர் கேட்டு, தம் வீட்டு நிகழ்ச்சிகளை எடுத்துரைத்து, அனைவரும் சேர்ந்து பொருள் கண்டனர். நிமிடத்திற்கு முப்பது சொற்கள் படிக்க இயலாதவரும் அதில் பங்கு கொண்டனர். மூன்றாவது, அப்பெண்கள் பாடத்தைப் பின்பற்றியதோடு நில்லாது தம் வாழ்வோடு அதை ஒப்பிட்டு மதிப்பிட்டனர். பின்னர் அவர்தம் செயலே பாடமாயிற்று. 1911ஆம் ஆண்டின் அளவுகோலை நினைவுகூர்ந்தால், கடிதம் வந்தது, மறுமொழியும் சென்றது.

8. பள்ளிக் கல்வியில் அதே வினா

முதியோர் கல்வியில் எழுந்த இவ்வினா பள்ளிக் கல்விக்கும் உரியது. 1993இல் யஷ்பால் குழு, பள்ளிக் குழந்தைகளின் உண்மையான சுமை புத்தகப்பையின் எடையன்று, புரியாமையின் சுமையே எனக் கூறிற்று. 2005 முதல் வெளிவரும் ஏசர் அறிக்கைகள், ஊரகக் குழந்தைகளை நேரில் படிக்கச் செய்து கணிக்கின்றன. மூன்றாம் வகுப்பினருள் இரண்டாம் வகுப்புப் பாடப் பகுதியைப் படிக்க வல்லவர் 2018இல் 27.3 விழுக்காடாகவும், பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் 20.5 விழுக்காடாகவும், 2024இல் 27.1 விழுக்காடாகவும் இருந்தனர். இவ்வெண்கள் முதன்மையாக வாய்விட்டுப் படித்தலைக் குறிப்பன. அத்திறனே இந்நிலையில் இருப்பது கவலைக்குரியது. அதே வேளையில், இவ்விழுக்காடு உயர்வதே இலக்கின் முடிவாகக் கருதப்படின் வரலாறு மீண்டும் திரும்பும்.

2021 சூலையில் தொடங்கிய ‘நிபுண் பாரத்’ இயக்கம், பொருளுணர்ந்து படித்தலைத் தன் பெயரிலேயே கொண்டுள்ளது. 2024இல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் முதியோர் எழுத்தறிவை வரையறுத்தபோது, பொருளுணர்ந்து படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகியவற்றோடு, இனங்காணல், விளக்கங்காணல், படைத்தல் ஆகியவற்றையும் சேர்த்தது; 95 விழுக்காட்டை முழு எழுத்தறிவுக்கு இணையாகக் கொள்ளலாம் எனவும் கூறிற்று. வரையறை முன்னெப்போதினும் விரிவானது. அதற்கேற்ற அளவைமுறை அமைகிறதா என்பதே இனி நோக்கவேண்டியது.

தமிழைப் பொறுத்தவரை மற்றொரு கடமையும் உண்டு. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இருவேறாக நிற்கும் இரட்டை வழக்கு மொழி தமிழ். எனவே தமிழ் கற்கும் குழந்தையும் முதியவரும் எழுத்தோடு எழுத்து வழக்கையும் கற்கவேண்டியுள்ளது. எழுத்து வழக்கைக் கைவிடுதல் இதற்குத் தீர்வன்று. சட்டம், செய்தி, அரசாணை யாவும் அவ்வழக்கிலேயே உள்ளன. பேச்சு வழக்கில் தொடங்கி எழுத்து வழக்கிற்குப் படிப்படியாக அழைத்துச் செல்லும் பாடங்களை அமைப்பது மொழியியலார், ஆசிரியர் இருதிறத்தாரின் பொறுப்பாகும்.

9. முடிவுரை

கைந்நாட்டிலிருந்து கையெழுத்துக்கு மாறுதல் எழுத்தறிவின் அடையாளமாக நெடுங்காலம் போற்றப்பட்டது. ஆனால் தாம் கையெழுத்திடும் கடன் பத்திரத்தில் வட்டி எவ்வளவு, ஈடு எது, தவணை தவறின் நிகழ்வது யாது எனப் படித்தறிய இயலாதவருக்குக் கையெழுத்தால் விளையும் நன்மை சிறிது. பெருவிரல் இரேகையை வற்புறுத்திப் பெற்றதாகவேனும் பின்னர் வழக்காட இடமுண்டு. கையெழுத்தோ, படித்தறிந்தே இட்டதாகக் கொள்ளப்படும். பொருளுணர்வற்ற எழுத்தறிவு பயனற்றதாவதோடு, சில வேளைகளில் தீங்கும் தரலாம் என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே எழுத்தறிவுக் கல்வியில் பொருளுணர்வின் நோக்கம், பாடத்தின் இறுதியில் கேட்கப்படும் வினாக்களுக்கு விடையளிப்பதன்று. தம் முன் வைக்கப்படும் எழுத்தை ஒருவர் தாமே ஆராய்ந்து, ஏற்கவோ மறுக்கவோ, அதற்கு மறுமொழி தரவோ வல்லவராதலே அந்நோக்கம். அத்திறனைக் கண்டறியும் வழி எளியது: கற்றவர் முன்பு காணாத, அவர் வாழ்வோடு தொடர்புடைய ஒரு தாளை அவரிடம் தந்து, அது என்ன கூறுகிறது, அதற்கு அவர் என்ன கூறுவார் எனக் கேட்டல். 1911ஆம் ஆண்டின் அளவுகோல் அறிந்திருந்ததும் இதுவே. இவ்விரு வினாக்களுக்கும் விடை கேளாது அறிவிக்கப்படும் எந்த விழுக்காடும், பெல்லாரிப் பள்ளிகளின் எண்ணிக்கையைப் போலவே, கற்பித்தது எவ்வளவு என்பதைக் கூறுமேயன்றிக் கற்றது யாது என்பதைக் கூறாது.